சுண்டெலி மூளையும் தாய்மாமன் மடியும்

போடியில் என் வேலையை யாருக்காவது விளக்கிச் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளின் மூளையில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவு செய்கிறேன். அம்மா இதைச் சுருக்கி, "எம் மக எலிக்கு ஈசிஜி எடுக்கிறா" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அது இதயத்துக்கு எடுப்பது, மூளைக்கு எடுப்பது வேறு என்று திருத்தப் போனால், "எலி இருக்கிற உசரத்துக்கு ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான இருக்கும்" என்பாள். 

பெரியப்பா இன்னும் மோசம். அவர் ஏலக்காய் வியாபாரி. விடுமுறைக்கு வந்திருந்த என்னை ஒருநாள் தன் குடோன் வாசலில் நிறுத்திவைத்து விசாரித்தார்.

"எலியக் கொல்லத்தான் மருந்து கண்டுபிடிக்கிறன்னு இத்தன நாளும் நெனச்சிருந்தேன் ஆத்தா. அதுக்கு வைத்தியமா பாக்குற?"

"வைத்தியம் இல்ல பெரியப்பா. அதோட மூளை எப்படி ஓடுதுன்னு பாக்குறோம்."

"எங்க குடோன்ல உள்ளது பூராம் நல்லாத்தான் ஓடுது. வேணும்னா ஒரு கூடை பிடிச்சுத் தர்றேன், பஸ்சுல கொண்டுபோ."

பெரியப்பாவின் எலிகள் எனக்கு ஆகாது. எங்கள் எலிகளில் ஒரே ஒரு மரபணுவை எடுத்துவிட்டிருப்பார்கள். மனிதர்களிடம் அந்த மரபணு வேலை செய்யாமல் போனால் வருகிற குறைபாட்டுக்கு பிராஜைல் எக்ஸ் என்று பெயர். அறிவு வளர்ச்சி பின்தங்கும், பேச்சு திக்கும், சொன்னதே திரும்பத் திரும்ப வரும், சத்தம் தாங்காது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கிற பழுது என்பதால் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஆண்பிள்ளை என்றால் கடுமையாக வரும்.

என் தம்பிக்கு அது இருக்கிறது. அவனுக்காகத்தான் நான் இந்தப் படிப்புக்குப் போனேன் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். அழகான கதை, ஆனால் பொய். எனக்கு வேலை கிடைத்த இடம் அது, அவ்வளவுதான். சேர்ந்த புதிதில் இந்த எலிகளைப் பற்றிப் படிக்கச் சொல்லி ஒரு கட்டு தாள் கொடுத்தார்கள். சத்தத்துக்கு மிரளும், ஓரிடத்தில் நிற்காது, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும். மனிதர்களைப் பற்றிய பகுதியில் நீண்ட முகம், பெரிய காது, நேருக்கு நேர் கண் பார்க்காமை என்று போய்க்கொண்டே இருந்தது. இவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதினார்களா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. பெரிய காது உள்ள பிள்ளை யோகக்காரன் என்று சொல்லித்தான் அவனை நாங்கள் வளர்த்தோம்.

அடுத்த விடுமுறையில் மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அதுதான் என்று வந்தது. தன்னிடமிருந்து போனது என்று தெரிந்ததும் அம்மா இரண்டு நாள் அவனுக்குத் தன் கையாலேயே சோறு ஊட்டினாள். எனக்கும் பார்த்தோம். அம்மாவின் இரண்டு எக்ஸில் நல்லது எனக்கு வந்திருந்தது. சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து தம்பிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

இனி எலிக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மூளை சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. நரம்புச் செல்கள் கூட்டம் கூட்டமாக ஒரு தாளத்தில் துடித்துக்கொண்டே இருக்கும். மெதுவான தாளமும் உண்டு, வேகமான தாளமும் உண்டு. எங்கள் எலிகளில் அந்த வேகமான தாளம், ஒன்றுமே நடக்காத நேரத்திலும், தேவைக்கு மேல் ஓடும். ஜீப்பை நிறுத்தி வைத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பது மாதிரி. இதற்கு நடுவில் ஒரு சத்தத்தை ஒலிக்கவிட்டுப் பார்ப்போம். அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் சாதாரண எலியின் மூளை சிறிது நேரத்தில் அதைச் சட்டை செய்யாது. கணினித் திரையில் எழுகிற அலை குட்டையாகிக்கொண்டே போகும். எங்கள் எலிகளுக்கு அவ்வளவாகக் குட்டையாகாது. முதல் சத்தத்துக்கு எப்படித் தூக்கிவாரிப் போட்டதோ அப்படியேதான் கடைசிச் சத்தத்துக்கும்.

தம்பி பிறந்ததிலிருந்து அம்மா குக்கர் வைக்கிறாள். "பழகிரும், பழகிரும்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முப்பதை நெருங்குகிறான், இன்னும் விசில் வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுகிறான். ஏன் பழகவில்லை என்பதை என் திரையில் பார்த்த அன்று, அதுவரை அவனை அதட்டிய ஆட்கள் எல்லார் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

போன வருஷம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தம்பிக்கு அவளைப் பிடித்துப்போனது. வீடியோ காலில் அவள் முகம் வந்தால், "பாப்பா வந்துருச்சு, பாப்பா வந்துருச்சு" என்று போனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவான். பாப்பா அழ ஆரம்பித்தால் மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவான். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் மாதம் காது குத்தலாம் என்று முடிவானது. என் வீட்டுக்காரருக்கு ராசிங்காபுரம். அவர்கள் குலசாமி கோயிலும் அங்கேதான், தோட்டங்களுக்கு நடுவில், மலையைப் பார்த்தபடி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் பாதி விசேஷம் தாய்மாமனுடையது. தட்டுத் தட்டாகச் சீர் எடுத்துக்கொண்டு, மேளத்தோடு ஊர்வலமாக வருவார். பிள்ளையைத் தன் மடியில் உட்காரவைத்துக்கொள்வார். அந்த மடியில்தான் ஆசாரி காது குத்த வேண்டும். கூடப்பிறந்த மாமன் இல்லாத வீட்டில்தான் பங்காளி வீட்டு மாமனைத் தேடுவார்கள்.

என் பிள்ளைக்குக் கூடப்பிறந்த மாமன் இருக்கிறான். இருந்தும் பெரியப்பா ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் மகன் மடியில் உட்காரவைக்கலாம் என்று பேச்சை எடுத்தார். அந்த அண்ணன் நல்லவர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று ஏறியது.

"எந்தம்பி என்ன செத்தா போயிட்டான் பெரியப்பா?"

"வாயக் கழுவு ஆத்தா. நான் ஆகாததுக்குச் சொல்லல. எம் மக கல்யாணத்துல வேட்டுச் சத்தத்துக்கு ஓடினவன, பந்தியில உக்காந்த சனம் பாதி எந்திரிச்சுல்ல தேடுச்சு. அன்னிக்கி அவன் வெறுங்கையோட ஓடுனான். இப்ப மடியில பச்சப்பிள்ள இருக்கும். மேளம் அடிக்கவும் விருட்டுன்னு எந்திரிச்சான்னா பிள்ள எங்க போயி விழும்?"

 எதிராளி பக்கம் நியாயம் இருந்தால் நான் குரலை உயர்த்துவேன், உயர்த்தினேன். அவனை இன்றைக்கு மடியிலிருந்து தள்ளி வைத்தால் நாளைக்குச் சடங்குக்கு, அப்புறம் கல்யாணத்துக்கு, எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான் வரும். சபையில் அவன் இடம் பின்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலி என்று ஆகிவிடும்.  தம்பி உள்ளறையில் டிவியில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு.

கடைசியில் பெரியப்பா ஒரு வழிக்கு வந்தார். "சரி, அவனே உக்காரட்டும். எம் மகனையும் வேட்டி கட்டிப் பக்கத்துல நிறுத்துறேன். தம்பி எந்திரிக்கப் பாத்தான்னா, பிள்ளைய வாங்கிக்கிட்டு இவன் உக்காந்துருவான். அதுக்கப்புறம் இந்தப் பிள்ளைக்கு எந்த விசேஷம்னாலும் மாமன் இவன்தான். அதுல நீ மறுபேச்சுப் பேசக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். வேறு வழி தெரியவில்லை.

மேளமே வேண்டாம் என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். மைக் செட்டை விட்டுக்கொடுத்தார்கள், வேட்டுப் போடுவதை விட்டுக்கொடுத்தார்கள். மேளம் என்றதும் என் மாமனார் போனிலேயே சிரித்துவிட்டார். "மேளம் இல்லாமச் சீர் கொண்டு வந்தா, தட்டுல என்ன இருக்குன்னு எவன் திரும்பிப் பாப்பான் தாயி? வெறுமனே காய்கறி வாங்கிட்டுப் போறாங்கன்னுல்ல நெனப்பான்" என்றார்.

அம்மா தானாக ஒரு வைத்தியத்தைத் தொடங்கினாள். அப்பாவின் போனில் நாதஸ்வரமும் தவிலும் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டினால் பழகிவிடுவானாம். பழகாது, அதைத்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். "எலிக்குப் பழகலேன்னா எம் பிள்ளைக்குப் பழகாதா?" என்றாள். நாலாவது நாள் போனைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினோம். தம்பி ஒன்றும் தெரியாதவன் போல ஜன்னலைப் பார்த்து நின்றான். அம்மா அதற்குள் அழைப்பு மணியையும் கெட்டிமேளமாக மாற்றி வைத்திருந்ததால், என் போனிலிருந்து கூப்பிட்டதும் முன்னறையில் பெரியப்பாவுக்குப் போகக் காத்திருந்த ஏலக்காய் மூட்டைக்குள்ளிருந்து கல்யாணம் நடக்கிற சத்தம் கேட்டது. லோடு ஏற்ற வந்தவர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அத்தோடு அந்த வைத்தியம் முடிந்தது.

விசேஷத்துக்கு முந்தின வாரம் அப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். மலை மேலே, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். தம்பி அநேகமாகத் தினமும் ஜீப்பில் போவான். மேலே அவனுக்குச் சோலி உண்டு. ஏலப்பழம் பறிக்கிற பெண்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பான், காயவைக்கிற தட்டுகளில் கிடக்கும் இலை தழையைப் பொறுக்குவான். அவனுக்கு அதையெல்லாம்விட முக்கியம் ஜீப்பின் முன்சீட்டு. கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடிக்கிற பொறுப்பை டிரைவர் அவனிடம் விட்டிருக்கிறார். வளைவு வரவும், "மாப்ளே, கொடு" என்பார். தம்பி எட்டி அமுக்குவான். அன்றும் அமுக்கினான். அது ஊரைக் கூட்டுகிற ஹாரன். தம்பி காதைப் பொத்தவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை, அடுத்த வளைவுக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தான். அதே நேரம் எதிரே இறங்கிய ஒரு ஜீப்பு பாதிச் சத்தத்தில் ஒரு ஹாரன் அடித்தது. அடுத்த நொடி தம்பி சீட்டுக்குக் கீழே இருந்தான்.

இத்தனை வருஷம் அந்த ஜீப்பில் போயிருக்கிறேன், அன்றுதான் அது எனக்கு உறைத்தது. தான் எழுப்பப் போகிற சத்தத்துக்கு யாருடைய மூளையும் முன்கூட்டியே தயாராகிக்கொள்ளும். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாதே, அதுபோல. தம்பியின் மூளையிலும் அந்த வழி அடைபட்டிருக்கவில்லை. அப்படியென்றால் மேளத்தையும் அவனே எழுப்பினால் என்ன?

தவில்காரர் போடியிலேயே இருந்தார். அவரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் விரலை ஆட்டினால்தானே கெட்டிமேளம் முழங்குகிறது. இந்த விசேஷத்தில் என் தம்பி கையைத் தூக்கினால் அடிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும், வேறு யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

"அவ்வளவுதான? பழகிப் பாத்துக்குவம்" என்று அன்று மத்தியானமே தவிலோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

தம்பி முதலில் கொல்லைக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். நான் கையைத் தூக்கிக் காட்டினேன், ஒரு தட்டு, இறக்கினேன், நின்றது. நெடுநேரம் யோசித்துவிட்டுத் தானும் அரைகுறையாகக் கையைத் தூக்கினான். தட்டு விழுந்தது. சட்டென்று இறக்கினான், நின்றது. அவன் முகத்தில் வந்த சிரிப்பைச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது. பிறகு விடவே இல்லை. தூக்குவதும் இறக்குவதுமாக, தவில்காரரை உட்காரவிடாமல், டீ குடிக்கவிடாமல் படுத்தி எடுத்துவிட்டான். மனிதர் கடைசியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆத்தா, விரல் கழண்டுரும் போல இருக்கு. தம்பிய வேற ஏதாச்சும் சோலிக்கு அனுப்புங்க."

அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். எல்லாச் சத்தத்துக்கும் வழி பண்ணியாயிற்று என்று நினைத்தேன்.

காதுகுத்து அன்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சீர்த்தட்டுகள் வேனில் வர, தம்பி ஜீப்பின் முன்சீட்டில், பட்டு வேட்டியும் புதுச்சட்டையுமாக, போடியிலிருந்து ராசிங்காபுரம் வரை தேவை இருக்கிற இடத்திலும் இல்லாத இடத்திலும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். ஊர் எல்லையில் இறங்கியதும் கையைத் தூக்கினான், மேளம் முழங்கியது. நடுவில் அவனுக்குப் போதும் என்று தோன்றினால் இறக்கினான், நின்றது. மேளம் இப்படி நின்று நின்று வருவதைப் பார்த்து ராசிங்காபுரத்துச் சனம் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. தட்டில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், என் மாமனாருக்கு மகா திருப்தி.

கோயிலில் ஜமக்காளம் விரித்துத் தம்பியைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்தோம். பாப்பாவை அவன் மடியில் வைத்தேன். அவன் கால்களை அசைக்காமல், தலையைக் குனியாமல், தண்ணீர் நிறைந்த குடத்தை வைத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்தான். பெரியப்பா மகன் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார், கை இரண்டும் பாதி நீட்டியபடி. பெரியப்பா எதிரே. மேளக்காரர்கள் வேப்பமரத்தடியில், கண்ணைத் தம்பியின் கையைவிட்டு எடுக்காமல் தயாராக இருந்தார்கள். குத்தி முடித்ததும் தம்பி கையைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆசாரி பாப்பாவின் வலது காதில் சந்தனம் வைத்தார். கம்பியை எடுத்தார். குத்தினார்.

பாப்பா ஒரு கணம் மூச்சை அடக்கினாள். அப்புறம் வீறிட்டாள்.

அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்த மாதிரி உறைத்தது. வேட்டை நிறுத்தினோம், மைக்கை நிறுத்தினோம், மேளத்துக்குக் கடிவாளம் போட்டோம். காது குத்தினால் பிள்ளை அழும் என்பதை எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒருவர்கூட யோசிக்கவில்லை. உலகத்திலேயே தம்பிக்குப் பிடிக்காத சத்தம், போனைக் கவிழ்த்தாலும் அடங்காமல், அவன் மடியிலேயே உட்கார்ந்திருந்தது.

தம்பியின் இரண்டு கையும் விருட்டென்று மேலே போயின.

கை மேலே போனதுதான் மேளக்காரர்களுக்குத் தெரியும். ஒரு கையென்றால் மேளம், இரண்டு கையென்றால் கெட்டிமேளம் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ, தவிலும் உறுமியும் நாதஸ்வரமும் சேர்ந்து, கூரை பறந்துவிடும்போல வெளுத்து வாங்க ஆரம்பித்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். எந்திரிக்கப் போகிறான், பிள்ளை விழப் போகிறாள். பெரியப்பா மகன் குனிந்தார். நானும் பாய்ந்தேன். பாய்ந்தவள் பாதியிலேயே நின்றுவிட்டேன்.

தம்பியின் கைகள் அவன் காதில் இல்லை. பாப்பாவின் இரண்டு காதையும் பொத்தியிருந்தன.

அவன் காது, அந்த யோகக்காரப் பெரிய காது, இரண்டும் திறந்து கிடந்தது. மேளம் அதற்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தான், கழுத்து நரம்பு புடைத்திருந்தது, தோள் ஒவ்வொரு அடிக்கும் தூக்கிப் போட்டது. முதல் அடிக்கு எப்படியோ அப்படியே ஒவ்வொன்றுக்கும். கையை இறக்கினால் மேளம் நிற்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இறக்கினால் பாப்பாவின் காது திறந்துவிடும். இறக்கவில்லை, எந்திரிக்கவும் இல்லை. மேளக்காரர்களோ, சொன்ன சொல் தவறாதவர்கள், கை மேலே இருக்கிற வரைக்கும் அடித்துத் தீர்ப்பது என்று இருந்தார்கள். வேறு யார் சொன்னாலும் கேட்கக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். நான் கத்தியதையும் அவர்கள் கேட்கவில்லை.

பெரியப்பாதான் போனார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் அவ்வளவு வெரசாக நடந்து நான் பார்த்ததில்லை. நேரே வேப்பமரத்தடிக்குப் போய், தவிலின் தோல் மேல் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். தவில்காரரின் அடி அவர் கை மேலேயே விழுந்தது. எல்லாம் நின்றது.

பாப்பா அழுகையை எப்போதோ நிறுத்தியிருந்தாள். தன் தலையைப் பிடித்திருக்கும் மாமனின் முகத்தை அண்ணாந்து பார்த்து விக்கிக்கொண்டிருந்தாள். தம்பி ஒற்றைக் கண்ணைத் திறந்தான். அப்புறம் மற்றதை. "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கையை எடுத்தான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா என்னைத் திட்டினாள், அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ஆசாரி தொண்டையைக் கனைத்தார். "இன்னொரு காது இருக்குல்ல" என்றார்.

தம்பி கம்பியைப் பார்த்தான். பாப்பாவின் இடது காதை உள்ளங்கையால் மூடினான். "வேணாம், வேணாம்" என்றான்.

"அது சாஸ்திரம் தம்பி. ரெண்டும் குத்தணும்."

"வேணாம்."

ஆசாரி எல்லார் முகத்தையும் பார்த்தார். என் மாமனார் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சிவந்துபோன கையை உதறிக்கொண்டு வந்தார். தன் மகனைப் பார்த்து, "நீ போயி பந்தியக் கவனி" என்றார். அப்புறம் ஆசாரியிடம் திரும்பினார்.

"தாய்மாமன் வேணாம்னு சொல்லிட்டான்ல. அப்புறம் என்ன? கம்பிய உள்ள வைங்க."

பாப்பா ஒற்றைத் தோட்டோடு பெங்களூருக்கு பஸ் ஏறினாள். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் இன்னொன்று எங்கே தொலைந்தது என்று கேட்கிறார்கள். எங்கள் சோதனைப் பெட்டியில் எலி எப்போதும் தனியாகத்தான் சத்தத்தைக் கேட்கிறது. மடியில் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு கேட்டால் அந்த அலை எப்படி இருக்கும் என்று ஒருநாள் மதிய உணவின்போது கேட்டேன். அதை எப்படி அளப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மாமியார் வாரத்துக்கு ஒரு தரம் போன் பண்ணி, இன்னொரு காது எப்போது என்று கேட்கிறார். தாய்மாமனைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறேன். நேற்று வீடியோ காலில் கேட்டேன். தம்பி திரையில் பாப்பாவின் காதை உற்றுப் பார்த்தான், பிறகு போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். எனக்குத் திரை இருட்டாகிவிட்டது, "வேணாம், வேணாம்" என்பது மட்டும் கேட்டது. சரிடா, நீ எப்போது சொல்கிறாயோ அப்போது என்றேன்.